இருநூறு மில்லி வயிறு

ஏழு கிலோ எடையுள்ள குழந்தையின் இரைப்பை ஒரு வேளைக்குச் சுமார் 200 மில்லி கொள்ளும். உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லி என்று குழந்தை உணவு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் கணக்கு இது. ஒரு டம்ளர், அவ்வளவுதான். அதற்கு மேல் ஊற்றினால் கக்கிவிடும், அல்லது வாயை இறுக மூடிக்கொண்டு தலையைத் திருப்பிக்கொள்ளும்.

ஒன்பது மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் போக, உணவிலிருந்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 300 கலோரி வந்தாக வேண்டும். ஆறு முதல் எட்டு மாதம் வரை 200 போதும். முதல் பிறந்தநாள் தாண்டியதும் 550 ஆகிவிடும். ஆக, தேவை வேகமாக ஏறுகிறது. டம்ளர் மெல்லத்தான் பெரிதாகிறது. எடை குறைந்த குழந்தையின் கதையில் பெரும்பகுதி இந்த இடைவெளிக்குள் நடக்கிறது. வறுமை, நோய், தாயின் உடல்நிலை எல்லாமே உண்டு. ஆனால் பசியாற வழியுள்ள, பசுமாடுகூடக் கட்டியிருக்கிற வீட்டிலும் பிள்ளை நோஞ்சானாக இருப்பது ஏன் என்று கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது டம்ளருக்குள்தான்.

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் சாலையில் பெரியநாயக்கன்பாளையம் இருக்கிறது. ஒரு பக்கம் பாலமலையும் குருடிமலையும். சாலையோரமெங்கும் நூற்பாலைகள், இயந்திரத் தொழிற்சாலைகள், பட்டறைகள். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போக, பிள்ளையை அமுச்சியோ அப்பத்தாவோ பார்த்துக்கொள்கிற வீடுகள் இங்கே நிறைய. அங்கன்வாடியில் எடை போடுகிற நாளில் அவர்கள்தான் இடுப்பில் பிள்ளையோடு வந்து நிற்பார்கள். இந்தப் பக்கத்து அங்கன்வாடிகளில் அடிக்கடி காதில் விழக்கூடிய பேச்சு இப்படி இருக்கும்:

“டம்ளரு நெறையாத்தானுங் டீச்சர் குடுக்கறன். மிச்சம் வெக்காமக் குடிச்சுப்போடறான். எடை மட்டும் ஏறவே மாட்டேங்குதுங்க.”

“கஞ்சி எப்படிங்காத்தா காச்சறீங்க?”

“தண்ணியாட்டத்தானுங். கெட்டியாக் குடுத்தா செரிக்காதல்லங்க.”

அந்தக் கஞ்சியைக் கணக்குப் பார்ப்போம். கேழ்வரகை ஊறவைத்து அரைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பாலெடுத்துக் காய்ச்சுவது கொங்கு வீடுகளின் வழக்கம். அவசரத்துக்கு மாவு. இரண்டு டீஸ்பூன் மாவு என்றால் 10 கிராம். அதில் 32 கலோரி. ஒரு ஸ்பூன் சர்க்கரையில் 20. ஒரு டம்ளருக்கு 50 கலோரி சொச்சம். மூன்று வேளை கொடுத்தாலும் 150. வடிகட்டினால் அதிலும் குறையும். கேழ்வரகின் புரதத்திலும் சுண்ணாம்புச் சத்திலும் ஒரு பங்கு துணியில் தங்கிவிடுகிறது. பாட்டி சொல்வது முழு உண்மை. டம்ளர் நிறையத்தான் கொடுக்கிறாள், பிள்ளையும் மிச்சம் வைக்காமல்தான் குடிக்கிறது. வயிறு நிறைந்து, கணக்கில் பாதி காலியாக இருக்கிறது.

அப்படியானால் மாவைக் கூட்டிப் போட வேண்டியதுதானே? போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது கஞ்சியாக இருக்காது. மாவில் உள்ள ஸ்டார்ச் சிறு சிறு துகள்களாக இருக்கிறது. தண்ணீரில் சூடேறும்போது ஒவ்வொரு துகளும் பஞ்சுபோல நீரை இழுத்து, பல மடங்கு உப்பி, வெடித்து, உள்ளிருந்த நீண்ட சங்கிலிகளை வெளியே விடுகிறது. அந்தச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னித் தண்ணீரை நகரவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. நூறு மில்லியில் ஐந்து கிராம் மாவு இருக்கும்வரை குடிக்கலாம். பத்து கிராமைத் தாண்டினால் கூழ். இருபதில் களி. பல் முளைக்காத பிள்ளைக்குக் களி விழுங்க வராது. அதனால் ஆத்தா தண்ணீர் சேர்க்கிறாள். அவள் செய்வது மூடநம்பிக்கை அல்ல. ஸ்டார்ச்சின் வேதியியல் அவளை அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது.

அந்த வேதியியலிலிருந்து வெளியே வரவும் வழி உண்டு. அதுவும் அடுப்படியிலேயே இருக்கிறது. தானியம் முளைவிடும்போது, தன்னிடம் சேமித்த ஸ்டார்ச்சைக் கரைத்து முளைக்கு ஊட்டுவதற்காக அமிலேஸ் என்ற நொதியைச் சுரக்கிறது. முளைகட்டி, உலர்த்தி, அரைத்த மாவில் அந்த நொதி உயிரோடு இருக்கும். கெட்டியாகக் காய்ச்சி இறக்கிய கூழ் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும், இந்த மாவில் ஒரு ஸ்பூன் கலந்து கிளறினால், அமிலேஸ் ஸ்டார்ச் சங்கிலிகளைத் துண்டு துண்டாக நறுக்கிவிடும். சில நிமிடங்களில் கூழ் கண் முன்னே இளகி ஒழுகும். போட்ட மாவு போட்டபடி இருக்கிறது, கலோரியும் அப்படியே. பிடித்துவைத்திருந்த தண்ணீர் மட்டும் விடுபட்டுவிட்டது. பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸும் அவர் குழுவினரும் 1980-களில் இதை முறையாக ஆராய்ந்து, சிசு உணவுக்கு எப்படிப் பயன்படுத்தலாம் என்று காட்டினார்கள். பார்லியிலிருந்து பீர் வடிப்பவர்கள் நம்பியிருப்பதும் இதே வகை நொதியைத்தான் என்பதைப் பாட்டிகளிடம் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது கணக்கு மாறுகிறது. ஒரு டம்ளரில் 30 கிராம் மாவு, ஒரு சிறு துண்டு வெல்லம், ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெயோ நெய்யோ. மாவில் 96 கலோரி, வெல்லத்தில் 20, எண்ணெயில் 40. ஒரே வேளையில் 150-ஐத் தாண்டுகிறது. இரண்டு வேளையில் அன்றைய 300 முடிந்துவிடும். மூன்றாவது வேளை காய்ச்சலுக்கும் போக்குக்கும் இழந்ததை ஈடுகட்டும்.

கடையில் “முளைகட்டிய சத்துமாவு” என்று வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாசனைக்காகச் சிவக்கச் சிவக்க வறுத்த மாவில் அமிலேஸ் செத்துப்போயிருக்கும். கொதிக்கும் கஞ்சியில் போட்டாலும் அதே கதி. முளைகட்டியதால் வரும் வேறு நன்மைகள் இருக்கின்றன: இரும்பையும் துத்தநாகத்தையும் உறிஞ்சவிடாமல் கட்டிப்போடுகிற ஃபைட்டேட் முளைக்கும்போது குறைகிறது. ஆனால் கஞ்சியை இளக்கும் வேலை மட்டும் நடக்காது. வீட்டில் முளைகட்டுகிறவர்கள் ஈரத்தோடு விட்டுப் பூஞ்சை பிடிக்கவிடக் கூடாது. நன்றாகக் காயவைத்து, இளஞ்சூட்டில் புரட்டி எடுத்தால் போதும்.

முளைகட்டியெல்லாம் நமக்கு ஆகாது என்கிற வீட்டுக்கு இன்னும் எளிய வழி, குடிக்கக் கொடுப்பதை விட்டுவிட்டு ஊட்டுவது. ஏழெட்டு மாதப் பிள்ளை மசித்ததை விழுங்கும். கரண்டியைச் சாய்த்தால் உடனே வழிந்துவிடாத பதம்தான் சரியான பதம். இதற்குக் கொங்கு நாட்டின் அரிசிம்பருப்பு சோற்றைவிடப் பொருத்தமான உணவு எனக்குத் தெரியவில்லை. அரிசியில் குறைவான லைசின் பருப்பில் இருக்கிறது. பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. குழைய வேகவிட்டு, நெய் விட்டு மசித்தால் கிராமுக்கு ஒரு கலோரியை எளிதில் எட்டும். வீட்டில் எல்லோரும் அதைத்தான் சாப்பிடுகிறார்கள். பிள்ளைக்கு மட்டும் ஏனோ ரசத்தில் கரைத்த சோற்றைக் கொடுக்கிறோம். எண்ணெய் விட்டால் சளி கட்டும் என்பார்கள். எண்ணெயிலிருந்து சளி வருவதில்லை.

இந்தச் சிந்தனைக்கும் பெரியநாயக்கன்பாளையத்துக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. இங்குள்ள ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தை 1930-ல் தொடங்கிய தி. சு. அவினாசிலிங்கம்தான், 1957-ல் கோவை நகரில் பெண்களுக்கான மனையியல் கல்லூரியையும் நிறுவினார். இன்று அது அவினாசிலிங்கம் பல்கலைக்கழகம். மனையியல் என்றால் கேக் செய்யவும் பூத்தையல் போடவும் கற்றுக்கொடுப்பது என்று நினைத்த காலம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கிவந்த ராஜம்மாள் தேவதாஸ் அந்தக் கல்லூரிக்கு முதல்வரானார். பின்னாளில் துணைவேந்தரும் ஆனார். அவர் மாணவிகளைக் கிராமங்களுக்கு அனுப்பினார். ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கென்று ஓர் இதழே அங்கிருந்து 1964 முதல் வெளிவந்தது. அந்தக் கல்லூரியில் உருவானதுதான் “குழந்தை அமுது”: ஒரு தானியம், பச்சைப்பயறு, வறுத்த நிலக்கடலை, வெல்லம். எல்லாம் ஊர்ச் சந்தையில் கிடைப்பவை. வறுத்து, அரைத்து, டப்பாவில் போட்டுவைத்தால் வேண்டும்போது வெந்நீரில் கலந்து ஊட்டலாம். இன்று அங்கன்வாடியில் தருகிற சத்துமாவுப் பாக்கெட்டைப் பார்க்கும்போது எனக்கு அந்த அமுதின் நினைவு வராமல் இருப்பதில்லை.

இப்படியொரு எளிய கலவை அன்றைக்கு ஏன் முக்கியமாகப் பட்டது என்பதற்குப் பின்னணி இருக்கிறது. 1950, 60-களில் உலகின் ஊட்டச்சத்து நிபுணர்கள் பெரும்பாலோர் ஒரே முடிவில் இருந்தார்கள்: ஏழை நாட்டுக் குழந்தைகளுக்குக் குறைவது புரதம். மீன் மாவு, எண்ணெயெடுத்த பிண்ணாக்கு மாவு, பாசி என்று புரதத்தைத் தேடி ஆலைகள் திட்டமிடப்பட்டன. அதை மறுத்தவர்களில் முன்னால் நின்றவர் சேலத்தில் பிறந்த சி. கோபாலன். இதே மேட்டுப்பாளையம் சாலையில் தொடர்ந்து மலையேறினால் வரும் குன்னூரில்தான் இந்தியாவின் ஊட்டச்சத்து ஆய்வகம் முதலில் இருந்தது. ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய அந்த ஆய்வகம் 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறியது. பின்னர் அதுவே தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. குன்னூரில் ஆராய்ச்சியைத் தொடங்கி ஹைதராபாத்தில் இயக்குநரான கோபாலன், கிராமத்துக் குழந்தைகள் உண்பதை அளந்து பார்த்தார். அவர்களுடைய தானிய, பருப்பு உணவில் புரதத்தின் விகிதம் போதுமானதாகவே இருந்தது. அளவுதான் போதவில்லை. அளவு குறைந்தால் உடல் புரதத்தையும் எரிபொருளாக எரித்துவிடும், வளர மிச்சமிருக்காது. 1973-ல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில், ஒன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு 14 மாதம் நாளொன்றுக்கு 310 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். அதில் புரதம் வெறும் 3 கிராம். பிள்ளைகள் எடையிலும் உயரத்திலும் மற்றவர்களை முந்தினார்கள். அடுத்த ஆண்டு டொனால்டு மெக்லாரன் “லான்செட்” இதழில் புரத மோகத்தைக் கிழித்து எழுதியபின் அந்தக் கட்டடம் ஆட்டம் கண்டது.

ஐம்பது ஆண்டுகள் கழிந்தும் மருந்துக் கடைக் கண்ணாடி அலமாரியில் புரதப் பவுடர் டின்கள் வரிசையாகத்தான் நிற்கின்றன. ஒரு டின் விலையில் ஒரு மாதத்துக்கான பாசிப்பருப்பும் கடலையும் நெய்யும் வாங்கலாம். எடை குறைந்த பிள்ளை என்றதும் டின்னுக்குக் கடன் வாங்குகிற தகப்பன்மார் இருக்கிறார்கள். அந்தக் காசு அடுப்படியில் செலவானால் நல்லது.

டின்னுக்கு அடுத்த இடம் கழுதைப்பாலுக்கு. தெருவில் கழுதையை ஓட்டிவந்து சங்களவு பாலைக் கறந்து நல்ல விலைக்கு விற்கிறவர்களை இன்றும் பார்க்கலாம். தாய்ப்பாலில் கொழுப்பு ஏறக்குறைய 4 சதவீதம். கழுதைப்பாலில் அது ஒன்றை எட்டுவதே அரிது. எடை ஏற வேண்டிய பிள்ளைக்கு ஏறக்குறைய கொழுப்பே இல்லாத பால், அதுவும் காய்ச்சாமல். பசும்பாலில் வேறு சிக்கல். ஒரு வயதுக்குமுன் அதை முக்கிய உணவாக்கினால் இரும்புச்சத்து கிடைக்காது. சிலருக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத இரத்தக் கசிவும் உண்டாகும். செரிக்காதென்று பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் கலோரியும் பாதியாகும். ஒரு வயதுக்குமேல் பால் நல்லதுதான். ஆனால் பாலும் அதில் நனைத்த பிஸ்கட்டுமே மூன்று வேளையும் என்றால் வயிறு அதிலேயே நிறைந்துவிடும், சோற்றுக்கு இடமிருக்காது. தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. இரத்தசோகை பிடித்த பிள்ளைக்குப் பசி மந்தம். பசி மந்தமானால் எடை ஏறாது.

சரி, எடை குறைவு என்று யார், எதை வைத்துச் சொல்கிறார்கள்? “நானும் இவங்கப்பனும் சின்ன வயசுல இப்படித்தானுங் இருந்தோம்” என்று சிரிக்கிற குடும்பங்கள் உண்டு. அந்தச் சிரிப்பில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. முன்பு நம் பிள்ளைகளை அளந்த கோல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் குழந்தைகளுடையது. அவர்களில் பலர் புட்டிப்பால் குடித்தவர்கள். 1997 முதல் 2003 வரை உலக சுகாதார நிறுவனம் ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்தது: பிரேசிலில் பெலோட்டாஸ், கானாவில் அக்ரா, நார்வேயில் ஆஸ்லோ, ஓமனில் மஸ்கட், அமெரிக்காவில் டேவிஸ், இந்தியாவில் டெல்லி. தாய்ப்பால் குடித்த, புகைபிடிக்காத தாய்க்குப் பிறந்த, வசதிக்குறைவு இல்லாத குழந்தைகளாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஐந்து வயதுவரை அவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வளர்ந்தார்கள். உயரத்தில் காணப்பட்ட வேறுபாடுகளில் ஊருக்கு ஊர் என்ற பங்கு வெறும் 3 சதவீதம். மீதியில் பெரும்பகுதி ஒரே ஊரில் பிள்ளைக்குப் பிள்ளை இருக்கும் வேறுபாடு. டெல்லிப் பிள்ளைக்கு ஆஸ்லோப் பிள்ளையின் வளர்ச்சி சாத்தியம் என்றால் பெரியநாயக்கன்பாளையத்துப் பிள்ளைக்கும் சாத்தியம்தான். 2006-ல் வெளியான அந்தக் கோடுகள்தான் இப்போது தாய் சேய் அட்டையில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சுப் பட்டைகளாக இருக்கின்றன. ஒரு வயது ஆண் குழந்தையின் நடு எடை 9.6 கிலோ. 7.7-க்குக் கீழே போனால் எடை குறைவு, 6.9-க்குக் கீழே என்றால் மிகக் குறைவு.

ஆனால் ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு அலறுவதிலும் பொருளில்லை. 7.6 கிலோ உள்ள பிள்ளை மாதாமாதம் தன் பாதையிலேயே ஏறிக்கொண்டிருந்தால் பதற வேண்டாம். 8.8 கிலோவில் மூன்று மாதமாக நகராமல் நிற்கிற பிள்ளை பச்சைப் பட்டையில் இருந்தாலும் அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். தமிழ்நாடு இதை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே செய்து பார்த்தது. 1980-ல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில், உலக வங்கிக் கடனுதவியோடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. ஊர்ப் பெண் ஒருவரே பணியாளர். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளையும் மாதம் ஒருமுறை எடை போட வேண்டும். எடை ஏறாமல் நின்ற பிள்ளைக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை. தேறியதும் நிறுத்திவிட வேண்டும். எல்லோருக்கும் எப்போதும் கொடுப்பதற்குப் பதில், கோடு சாய்கிற நேரத்தில் சாய்கிற பிள்ளைக்குக் கொடுப்பது. கடும் எடைக்குறைவு கணிசமாகக் குறைந்ததாக மதிப்பீடுகள் சொல்லின. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் எல்லோர் நினைவிலும் நிற்கிறது. கொட்டாம்பட்டியின் தராசை யாரும் நினைப்பதில்லை. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அந்தத் தராசே அதிகம் உதவியது என்பது என் எண்ணம்.

நாற்பது ஆண்டு கழித்து நிலவரம்: அதே 2019-21 ஆய்வில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 22 சதவீதம் பேர் எடை குறைந்தவர்கள், இந்தியா முழுக்க 32. நூற்றுக்கு 22 என்றால் ஐந்து பிள்ளைகளில் ஒன்றுக்குமேல்.

கோடு சாய்வதற்குப் பெரும்பாலும் காய்ச்சலும் வயிற்றுப்போக்குமே காரணம். நோய் பசியைக் கொல்லும், குடல் உறிஞ்சுவதைக் கெடுக்கும், காய்ச்சல் கலோரியை எரிக்கும். இதற்கு மேல் நாமும் பட்டினி போடுகிறோம். வயிற்றால் போகிறது என்றால் ஜவ்வரிசிக் கஞ்சித் தெளிவு மட்டும், மூன்று நாளைக்குச் சோறு கிடையாது என்பது பல வீட்டுச் சட்டம். உப்புச் சர்க்கரைக் கரைசல், 14 நாள் துத்தநாக மாத்திரை, தாய்ப்பால் நிறுத்தாமை, சோறு நிறுத்தாமை, தேறியபின் இரண்டு வாரத்துக்கு ஒரு வேளை கூடுதல். இவ்வளவுதான் மருத்துவம். கண்ணுக்குத் தெரியாத தொற்றும் உண்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி உட்பட எட்டு நாடுகளில் எட்டு இடங்களில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், வயிற்றுப்போக்கே இல்லாத பிள்ளைகளின் மலத்திலும் ஷிகெல்லா போன்ற கிருமிகள் கிடைத்தன. அப்படிப்பட்ட பிள்ளைகள் உயரத்தில் பின்தங்கினார்கள். பாலமலை இருளர் பதிகளிலிருந்து ஆலையோர வாடகை லைன் வீடுகள் வரை, குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைத் தராசோடு சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

வீட்டுக் கைவைத்தியமும் அங்கன்வாடி மாவும் போதாத கட்டம் ஒன்று உண்டு. மேற்கையின் நடுப்பகுதிச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போவது, இரு பாதங்களும் வீங்கி அமுக்கினால் குழி விழுவது, பிள்ளை எதிலும் நாட்டமில்லாமல் துவண்டு கிடப்பது. இவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனை. அங்கேயும் முதல் சில நாள் நிறைய ஊட்ட மாட்டார்கள். தாய்க்கு அது கோபமாகக்கூட இருக்கும். நெடுநாள் பட்டினியில் உடல் தன் இயக்கத்தையே சுருக்கி வைத்திருக்கிறது. திடீரென்று உணவைக் கொட்டினால் இரத்தத்தின் உப்புகள் தடுமாறி இதயம் நின்றுவிடும் அபாயம் உண்டு. அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, இரவிலும் விடாமல் ஊட்டுவார்கள். பசி திரும்பியபின் வேகத்தைக் கூட்டினால் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 கிராம்கூட ஏறும். சாதாரணப் பிள்ளை ஏறுவதைப்போல அது பத்து மடங்கு. 2022 மே மாதம் உதகையில் தொடங்கிய ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டம் இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடிக்கவே வந்தது.

“எப்படியோ குண்டானால் சரி” என்று நினைக்கவும் முடியாது. புனேயில் சித்தரஞ்சன் யாஞ்ஞிக் குழு அளந்த சிசுக்களின் சராசரி பிறப்பு எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5. ஆனால் தசையில் குறைந்த அளவுக்கு நம் சிசுக்கள் தோலடிக் கொழுப்பில் குறையவில்லை. டெல்லியில் பிறந்தது முதல் முப்பது வயதுவரை தொடர்ந்த ஒரு கூட்டத்தில், பின்னாளில் சர்க்கரை நோய் வந்தவர்கள் இரண்டு வயதில் ஒல்லியாக இருந்தவர்கள். அதன்பின் பள்ளிப் பருவத்தில் வேகமாகப் பருமன் கூடியவர்கள். ஆக, ஏற வேண்டிய எடை முதல் இரண்டு ஆண்டில் ஏற வேண்டும். ஐந்து வயதில் சிப்ஸும் குளிர்பானமும் கொடுத்து ஏற்றுவது வேறு கணக்கில் போய்ச் சேரும்.

ஊட்டுவதில் இன்னொரு பொருளும் சேர்கிறது. ஜமைக்காவில் சாலி கிரந்தம்-மெக்ரிகர் குழு 1980-களில் வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் வீடுகளுக்கு வாரம் ஒருமுறை ஒருவரை அனுப்பி, தாயும் பிள்ளையும் சேர்ந்து விளையாடக் கற்றுக்கொடுத்தது. வீட்டிலேயே செய்த பொம்மைகள், பேச்சு, பாட்டு. இரண்டு ஆண்டு. இருபது ஆண்டு கழித்துப் பார்த்தபோது அந்தப் பிள்ளைகளின் வருமானம் மற்றவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. உணவு மட்டும் பெற்றவர்களிடம் அந்தப் பலன் இல்லை. சிறு பிள்ளையின் உடல் ஓய்வில் செலவழிக்கும் ஆற்றலில் பாதிக்கு மேல் மூளைக்குத்தான் போகிறது. அந்த மூளைக்கு எதிரே ஒரு முகம் வேண்டும். கைப்பேசியில் பாட்டுப் போட்டுவிட்டு வாய் திறக்கும்போதெல்லாம் திணித்தால் டம்ளர் காலியாகும். பசி எது, நிறைவு எது என்று பிள்ளை கற்றுக்கொள்ளாது.

மசித்த சோற்றைப் பொறுமையாக ஊட்ட அரை மணி நேரமாகும். ஒரு நாளைக்கு நான்கு முறை என்றால் இரண்டு மணி நேரம். அது யாருடைய நேரம்? பாட்டி இருக்கும் வீட்டில் பாட்டியுடையது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஆலை விடுதிகளிலும் லைன் வீடுகளிலும் தங்கியிருக்கும் குடும்பத்தில் பாட்டி இல்லை. இங்கேயே பிறந்தவர்களிலும் காலை ஷிப்ட் முடிந்து திரும்புகிற அம்மா, பிள்ளையின் நான்கு வேளையில் இரண்டைத் தவறவிட்டிருப்பாள். முப்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் பிள்ளைகளுக்கென்று தனி அறை வேண்டும் என்று பின்னாளில் திருத்தப்பட்ட 1948-ன் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. 2017-ல் வந்த மகப்பேறுத் திருத்தம், ஐம்பது பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களில் காப்பகம் கட்டாயம் என்றது. தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றும் சொன்னது. அதே திருத்தம்தான் சம்பளத்தோடு விடுப்பை 26 வாரமாக்கியது. 26 வாரம் என்பது ஆறு மாதம். அதுவும் பிரசவத்துக்குமுன் எடுத்த விடுப்பு கழியாவிட்டால்தான். தாய்ப்பால் மட்டும் போதாமல் கரண்டி தேவைப்படத் தொடங்கும் அதே வாரத்தில் அம்மா ஆலைக்குத் திரும்புகிறாள். சட்டம் சொன்ன நான்கு முறையும், பிள்ளைக்கு வேண்டிய நான்கு வேளையும் எண்ணிக்கையில் பொருந்தத்தான் செய்கின்றன. காப்பகம் ஆலை வாசலுக்குள் இருந்து, அங்கே கெட்டியான கஞ்சியும் ஒரு ஸ்பூன் எண்ணெயும் இருக்க வேண்டும்.